ஆனி பூட்டூகுக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து டொராண்டோவுக்கு வருகிறவர்களுக்கு நயாகராவைக் காட்டி முடித்ததும், ஒருநாளாவது ஓவியக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது என் வழக்கம். பெரும்பாலான அறைகளை அவர்கள் கால் நிற்காமல் கடந்துவிடுவார்கள். ஆனி பூட்டூகுக்கின் படம் மாட்டியிருந்தால் மட்டும் நடை நிற்கும். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பம், சுவரில் கடிகாரம், மூலையில் டிவி. "இதையெல்லாமா வரைவார்கள்?" என்று தொடங்கும் கேள்விகள் வீடு வந்து சேரும்வரை ஓயாது. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

யார் இந்த ஆனி பூட்டூகுக்?

கனடாவின் வட கோடியில், கேப் டோர்செட் என்ற சிற்றூரில் 1969 மே மாதம் பிறந்த இனுயிட் ஓவியர். 1997இல், முப்பதை நெருங்கும் வயதில்தான் வரையத் தொடங்கினார். பேனாவும் வண்ணப் பென்சிலும் காகிதமும் போதும் அவருக்கு. 2006இல், கனடாவில் நாற்பது வயதுக்குட்பட்ட ஓவியர்களுக்கு அப்போது வழங்கப்பட்ட சோபி விருதைப் பெற்றார். இனுயிட் மக்களில் அந்த விருதை முதலில் பெற்றவர் இவர். 2016 செப்டம்பரில், 47 வயதில், ஒட்டாவாவில் இறந்தார்.

எஸ்கிமோ என்று சொல்லக் கூடாதா?

நாம் பாடப்புத்தகத்தில் படித்த சொல் அதுதான். ஆனால் அது வெளியார் வைத்த பெயர், கனடாவில் இன்று அதை மரியாதைக்குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இனுயிட் என்று. 'மக்கள்' என்று பொருள். ஒரே ஒருவர் என்றால் இனுக். கேப் டோர்செட் பகுதியில் பேசும் மொழி இனுக்டிடூட்.

பாடப்புத்தகம் கற்பித்த இன்னொன்றையும் இங்கேயே திருத்திக்கொள்ளலாம். இக்ளூ என்றால் பனிக்கட்டியால் கட்டிய குமிழ் வீடு என்று படித்தோம். அந்த மொழியில் இக்லு என்றால் வீடு, அவ்வளவுதான். பலகைச் சுவரும் மின்விளக்கும் ஃப்ரீசரும் உள்ள வீடும் இக்லுதான். ஆனி வரைந்தது அந்த இக்லுவின் உள்பக்கத்தை.

அந்த ஊர் எங்கே இருக்கிறது?

பாஃபின் தீவின் தென்மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தீவில். ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் கிங்ஙைட். மலைகள் என்று பொருள். 2020இல் அரசும் அந்தப் பெயருக்கே திரும்பிவிட்டது. இன்று அது நூனவுட் என்ற ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது. நூனவுட் உருவானது 1999 ஏப்ரல் 1இல், அதாவது ஆனி வரையத் தொடங்கி இரண்டு வருடம் கழித்து. மக்கள்தொகை சுமார் 1,400. வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் கோடையில் கடல் உருகியதும் வரும் சரக்குக் கப்பல். கடையில் ஒரு பொருளின் விலையைத் தெற்கே இருப்பவர்கள் கேட்டால் தலையில் கை வைப்பார்கள்.

1,400 பேர் வாழும் ஊரில் ஓவியர்கள் இத்தனை பேர் எப்படி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இனுயிட் மக்கள் 1950கள் வரை சிறு சிறு குழுக்களாக, வேட்டைக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தவர்கள். அவர்கள் விற்றுப் பிழைத்த நரித்தோலின் விலை விழுந்தது, நோய் வந்தது, பள்ளிக்கூடமும் மருத்துவமும் ஓரிடத்தில் வைக்கப்பட்டன. ஆட்கள் மெல்ல மெல்ல ஊர்களில் வந்து குடியேறினார்கள். குடியேறிய பிறகு பிழைப்பு? அந்த நேரத்தில் கேப் டோர்செட்டில் அரசுப் பணியில் இருந்தவர் ஜேம்ஸ் ஹியூஸ்டன். இடதுகைப் பழக்கக்காரர் என்பதால் ஊரார் அவரை சௌமிக் என்றார்கள், இடதுகைக்காரர் என்று அர்த்தம்.

1957 குளிர்காலத்தில் நடந்ததாக ஹியூஸ்டன் சொன்ன கதை ஒன்று உண்டு. ஓசுயிட்டோக் இப்பீலீ என்ற சிற்பி இரண்டு சிகரெட் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டிலும் ஒரே மாலுமியின் தலை, அச்சு அசலாக. "ஒவ்வொரு பெட்டியிலும் இதே தலையை உட்கார்ந்து வரைகிறவனுக்குச் சலிக்காதா?" என்று கேட்கிறார். அச்சிடுவது என்றால் என்னவென்று விளக்க ஹியூஸ்டனுக்கு வார்த்தை வரவில்லை. ஓசுயிட்டோக் செதுக்கிய தந்தத்தின் மேலேயே மையைத் தடவி, மெல்லிய கழிப்பறைக் காகிதத்தை ஒற்றி எடுத்துக் காட்டுகிறார். பார்த்தவர், "இது நம்மால் ஆகும்" என்றாராம். பிறகு ஹியூஸ்டன் ஜப்பான் போய் மரச்செதுக்கு அச்சுக்கலை படித்து வந்தார். 1959இல் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அந்த வருடமே முதல் அச்சுப்படத் தொகுப்பும் விற்பனைக்கு வந்தது, அன்றுமுதல் வருடாவருடம் வருகிறது.

முறை எளிமையானது. சங்கம் காகிதமும் பென்சிலும் கொடுக்கும். வரைந்து கொண்டுவந்தால் அங்கேயே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். விற்குமா விற்காதா என்ற கவலை சங்கத்தினுடையது. வாங்கியவற்றில் சிலவற்றைத் தேர்ந்து, கல்லில் செதுக்கத் தெரிந்தவர்கள் செதுக்கி அச்சிடுவார்கள். மற்றவை பெட்டிக்குள் போகும். அப்படிச் சேர்ந்த 90,000க்கும் மேற்பட்ட வரைபடங்கள் இப்போது டொராண்டோவுக்கு வடக்கே க்ளைன்பர்க்கில் உள்ள மக்மைக்கேல் ஓவியக்கூடத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

அவர் குடும்பமே ஓவியக் குடும்பமாமே?

ஆமாம். இங்கே தமிழ் உறவுமுறை கைகொடுக்கிறது, ஆங்கிலத்தில் எல்லாரும் 'கசின்' ஆகிவிடுவார்கள். ஆனியின் அம்மம்மா பிட்சியோலாக் அஷூனா. அம்மா நபாச்சி பூட்டூகுக். அப்பா ஈகிவட்லுக், அவரும் சங்கத்தில் வேலை செய்த கலைஞர். சித்தப்பா கனாங்கினாக், சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பறவைகளையும் விலங்குகளையும் வரைந்து பேர் வாங்கியவர். தாய்மாமன் கியுகாக் சிற்பி. அந்த மாமன் மகள் ஷுவினாய் அஷூனா, நம் கணக்கில் ஆனிக்கு மச்சாள், இன்று உலகம் முழுக்க அறியப்பட்ட ஓவியர்.

அம்மம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிட்சியோலாக் 1904ஐ ஒட்டிப் பிறந்தவர். கணவர் நோயில் போய்விட, பிள்ளைகளோடு பசியையும் குளிரையும் தாண்டி வந்தவர். வரைந்தால் பணம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஐம்பது வயது கடந்தபின் பென்சிலைக் கையில் எடுத்தார். 1983இல் இறப்பதற்குள் 7,000க்கு மேல் வரைந்துவிட்டார். கூடாரம் போடுவது, இடம்பெயர்ந்து நடப்பது, மீன் பிடிப்பது, தோல் தைப்பது என்று தான் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் வரைந்தார். அவர் கட்டிலில் உட்கார்ந்து வரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் ஆனி. பின்னாளில் அந்தக் காட்சியையே ஒரு படமாக வரைந்திருக்கிறார்: கட்டிலில் காகிதத்தோடு பாட்டி, பக்கத்தில் இரண்டு சிறுமிகள்.

அப்படி என்னதான் வரைந்தார்?

வீட்டுக்குள் கண்ட எல்லாவற்றையும். பெட்ரோமாக்ஸ் சமாச்சாரம் போல எரியும் ஒரு அடுப்பு, பக்கத்தில் பிராண்டுப் பெயர் தெரியும் மாவுப் பை. டிவியில் சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் ஓட, அதைப் பார்க்கும் வீட்டார். டாக்டர் ஃபில் என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் பார்த்தபடி படுத்திருக்கும் ஒருவர். வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள். கோடைக் கூடாரம். ஒரு சிவப்பு பிரா.

2001இல் வரைந்த படம் ஒன்று: வீட்டில் சீல், அதாவது கடல்நாய், சாப்பிடுகிறார்கள். மேசையில் இல்லை. சீலை வேட்டையாடிக் கொண்டுவந்தால் தரையில் அட்டையை விரித்து, அதைச் சுற்றி உட்கார்ந்து வெட்டிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். வெட்டுவது ஊலு என்ற அரைவட்டக் கத்தியால். பெண்களின் கத்தி அது. அதே அறையில் டிவியும் இருக்கிறது. வெளியாட்களுக்கு இது 'பழமையும் புதுமையும் சந்திக்கும் இடம்' என்று தோன்றும், கண்காட்சிக் குறிப்புகளும் அப்படித்தான் எழுதும். வாழையிலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு அதில் எந்தச் சந்திப்பும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறொன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது 2005இல் வரைந்த பெரிய ஃப்ரீசர் படம். ஊர்க் கடையில் நீளமான ஃப்ரீசர்கள், கண்ணாடிக்குப் பின்னால் அட்டைப்பெட்டிச் சாப்பாடு, எதை எடுப்பது என்று பார்த்து நிற்கும் ஊரார். ஊரே உறைந்து கிடக்கும் இடத்தில் உறையவைத்த சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனி இதைக் கிண்டலாக வரைந்தாரா என்று கேட்பார்கள். படத்தில் கிண்டல் எதுவும் இல்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக, பொறுமையாக வரைந்திருக்கிறார். சிரிப்பு நமக்குத்தான் வருகிறது.

அப்புறம் கடிகாரம். படத்துக்குப் படம் சுவரில் கடிகாரம், முள் ஏதோ ஒரு நேரத்தைக் காட்டும். கோடையில் ராத்திரி முழுக்க வெளிச்சம், குளிர்காலத்தில் பகலே சில மணி நேரம் என்று இருக்கும் ஊரில், ஜன்னலைப் பார்த்து நேரம் சொல்ல முடியாது. ஆனி அதற்காகத்தான் வரைந்தார் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் ஒருமுறை கவனித்துவிட்டால், எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் முதலில் மணி பார்க்கத் தோன்றும்.

குழந்தை வரைந்தது போல் இருக்கிறதே?

பத்தில் எட்டுப் பேர் கேட்பது. கோடு நேராக, கறுப்பாக, தயக்கமில்லாமல் ஓடும். அந்தக் கோட்டுக்குள் வண்ணப் பென்சில். நிழல் போடுவது குறைவு. தரை நம் பக்கம் சாய்ந்து வரும், அறையை மேலே நின்று எட்டிப் பார்ப்பதுபோல. எதையும் எதுவும் மறைக்காமல் எல்லாம் தெரிய வேண்டும் என்ற ஏற்பாடு அது. குழந்தையால் முடியாதது என்னவென்றால், எதை விடுவது என்ற முடிவு. சுவரில் பிளக் இருக்கும், ஸ்விட்ச் இருக்கும், பூட்டும் இருக்கும். அவற்றைச் சுற்றி வெறுமையாக விட்ட சுவரும் இருக்கும். அந்த வெறுமைதான் அறையை அறையாக்குகிறது.

கரடி, ஆந்தை எதுவும் காணோமே? மரபை உடைத்தவர் என்கிறார்களே?

இனுயிட் கலை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கெனோஜுவாக் அஷேவாக் 1960இல் வரைந்த மந்திர ஆந்தை. தபால்தலையிலேயே வந்தது. பிரமாதமான படம்தான். அந்த ஆந்தைக்குப் பிறகு தெற்கிலிருந்து வாங்குகிறவர்கள் கேட்டதெல்லாம் பறவையும் கரடியும் ஆவி உருவங்களும்தான். ஃப்ரீசரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே ஆனி மரபை உடைத்தார் என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அம்மம்மா தன் கண்ணால் கண்ட வாழ்க்கையை வரைந்தார், அது கூடாரத்து வாழ்க்கை. அம்மா நபாச்சி தான் கண்டதை வரைந்தார். கட்டாயக் கல்யாணம், அடி, பட்டினி எல்லாம் அவர் படங்களில் உண்டு. ஆனி பிறந்து வளர்ந்தது அரசு கட்டிக்கொடுத்த பலகை வீடுகள் வரிசையாக நின்ற ஊரில், அவர் அதை வரைந்தார். மூன்று பேருக்கும் வேலை ஒன்றே. உடைந்தது ஏதாவது இருந்தால், அது வாங்குகிறவர்களின் எதிர்பார்ப்பு.

அடிதடிப் படங்களும் உண்டாமே?

உண்டு. 2002இல் வரைந்த ஒன்றில், கையில் கட்டையை ஓங்கிய ஆண், கட்டிலில் ஒடுங்கிய பெண். அது கேள்விப்பட்ட கதை இல்லை. முன்பு தன்னோடு சேர்ந்து வாழ்ந்த ஒருவரிடம் பட்ட அடியை ஆனி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இன்னொரு படத்தில் ஒரு பெண் வீட்டுக்கு வெளியே மதுப் போத்தல்களைப் பாறையில் அடித்து நொறுக்குகிறாள். தலைப்பு 'என் வாழ்வின் ஞாபகம்' என்று தொடங்குகிறது.

என்னோடு வந்த ஒரு அக்கா இந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எதுவும் கேட்கவில்லை. காருக்குள் ஏறியபிறகு, "சீல் சாப்பிடுகிற படத்தில் இருக்கிற அதே பென்சில்தானே இது?" என்றார். அதேதான். அதே பென்சில், அதே கோடு, அதே பொறுமை. அடி விழும் அறைக்கென்று அவர் தனியாக இருட்டைக் கொண்டுவரவில்லை.

எப்படிப் பிரபலமானார்?

வேகமாக. டொராண்டோவில் ஃபீஹெலி கூடத்தில் 2003இல் முதல் தனிக் கண்காட்சி. 2006இல் ஏரிக்கரையில் உள்ள பவர் பிளான்ட் கூடத்தில் இன்னொன்று, பொறுப்பாளர் நான்சி கேம்பல். பவர் பிளான்ட் சமகாலக் கலைக்கான இடம். இனுயிட் கலையைக் கைவினைப் பொருட்களோடு சேர்த்து வைத்துப் பழகியவர்களுக்கு அந்த முகவரியே ஒரு செய்தி. அதே வருடம் ஸ்காட்லாந்தில் தங்கி வரைந்தார், அங்கே இருந்த கோட்டையையும் விட்டுவைக்கவில்லை. அதே வருடம் சோபி விருது, 50,000 டாலர். அடுத்த வருடம் ஜெர்மனியின் காசெல் நகரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் டாக்குமென்டா என்ற பெரிய கலைக் கண்காட்சியில் அவர் படங்கள்.

பிறகு ஏன் ஒட்டாவாவின் தெருவுக்கு வந்தார்?

விருதுக்குப் பிறகு ஊரைவிட்டுத் தெற்கே வந்தார், ஒட்டாவாவில் தங்கினார். குடியும் போதையும் சேர்ந்துகொண்டன. சில வருடங்களில் தங்குமிடம் இல்லாமல், நடைபாதையில் உட்கார்ந்து வரைந்து, சிகரெட்டுக்கும் சில்லறைக்கும் படங்களைக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். 2012இல் பத்திரிகைகள் அதை எழுதின.

'விருதிலிருந்து வீதிக்கு' என்று தலைப்புப் போட வாகான கதை, எல்லாரும் போட்டார்கள். புகழ் அவரைக் கெடுத்தது என்பார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கிங்ஙைட்டில் காலையில் போய் உட்கார ஒரு மேசை இருந்தது. காகிதம் இருந்தது, பக்கத்தில் வரைகிற சொந்தக்காரர்கள் இருந்தார்கள், முடித்ததும் வாங்கிக்கொள்ளச் சங்கம் இருந்தது. மொழி இருந்தது, சீல் இறைச்சியும் இருந்தது. ஒட்டாவாவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஐம்பதாயிரம் டாலர் இதற்கெல்லாம் மாற்று ஆகாது.

எப்படி இறந்தார்?

2016 செப்டம்பர் 19 அன்று ஒட்டாவாவின் ரிடோ ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. சந்தேகத்துக்குரிய மரணம் என்று போலீஸ் விசாரித்தது, யார் மீதும் வழக்கு வரவில்லை.

அந்தச் செய்திக்குக் கீழே, அதே நகரத்துப் போலீஸ் அதிகாரி ஒருவர் இணையத்தில் இனவெறிக் கருத்து எழுதினார். பழங்குடி மக்கள் குடிக்கும் போதைக்கும் பழகிப்போனவர்கள் என்ற தொனி. வெளியே தெரிந்ததும் ஒழுங்கு விசாரணை நடந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று மாதம் பதவி இறக்கம். அவ்வளவுதான் தண்டனை. காணாமல் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களைப் பற்றிய தேசிய விசாரணை கனடாவில் தொடங்கியதும் அந்தச் செப்டம்பரிலேதான்.

அவருக்குப் பிறகு?

2017இல் மக்மைக்கேலில் பெரிய நினைவுக் கண்காட்சி நடந்தது. அதற்கும் நான்சி கேம்பல்தான் பொறுப்பு. 2018இல் கிங்ஙைட்டில் கெனோஜுவாக் பெயரில் புதிய பண்பாட்டு மையமும் அச்சுக்கூடமும் திறந்தன. 2021இல் ஒட்டாவா நகரம் சாண்டி ஹில் பகுதிப் பூங்கா ஒன்றுக்கு ஆனியின் பெயரை வைத்தது. 2022இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் மச்சாள் ஷுவினாய்க்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. ஷுவினாயின் கடல் பூதங்களும் உலக உருண்டைகளும் ஆனியின் சமையலறைக்கு நேர் எதிர்த்திசை, ஆனால் பென்சில் பிடிக்கும் பொறுமை அதேதான்.

எங்கே பார்க்கலாம்?

ஒட்டாவாவில் தேசிய ஓவியக்கூடம், டொராண்டோவில் ஒன்டாரியோ ஓவியக்கூடம், க்ளைன்பர்க்கில் மக்மைக்கேல். வினிபெக் போகிறவர்கள் கௌமாஜுக்கைத் தவறவிட வேண்டாம். 2021இல் திறந்த இனுயிட் கலை மையம் அது, 14,000 அளவில் படைப்புகள் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: காகிதமும் வண்ணப் பென்சிலும் வெளிச்சத்தில் மங்கும். ஆகவே வருடம் முழுக்க மாட்டி வைக்க மாட்டார்கள். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், நான் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

விமான நிலையக் கடையில் விற்கும் கல் கரடி வாங்கலாமா?

இக்லு படம் போட்ட அடையாளச் சீட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். போலிகளைத் தடுக்க 1958இல் கனடா அரசு தொடங்கிய முத்திரை, 2017 முதல் இனுயிட் கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. சீட்டில் கலைஞர் பெயரும் ஊரும் இருக்கும். இல்லையென்றால் அது ஏதோ தொழிற்சாலையில் வார்த்த கரடியாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருந்தால்?

2007இல் வரைந்த அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடி. பெரிய காகிதம். ஆள் இல்லை, அறை இல்லை, கடிகாரம்கூட இல்லை. கறுப்புச் சட்டம் போட்ட, கொஞ்சம் பருமனான, பழைய பாணிக் கண்ணாடி ஒன்று மட்டும். பிட்சியோலாக் இறந்தபோது ஆனிக்கு 14 வயது. அந்தச் சட்டத்தின் வளைவை ஆனி இருபத்துநாலு வருடம் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்.